கூஃபா நகருக்கு ஓர் ஆளுநர்

அமீருல் முஃமினீன் ஹஸ்ரத் உமர் பாரூக் (ரலி) அவர்களின் வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இரவில் மாவு மூட்டையைத் தோளில் சுமந்து சென்றதையும், ஒட்டுப்போட்ட ஆடையுடன் பைத்துல் முகத்தஸில் நுழைந்ததையும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அவர்களுடைய பத்தாண்டு ஆட்சியில் கூஃபா என்னும் ஒரே ஒரு நகரம் அவர்களுக்குக் கொடுத்த கவலையை எடுத்துச் சொல்வோர் குறைவு. கிஸ்ராவின் பேரரசை வீழ்த்திய படைகளை மதீனாவில் இருந்தவாறே நடத்திய அந்த மாமனிதர், இந்த ஓர் ஊருக்குத் தக்க நிர்வாகியைத் தேடி உறக்கம் இழந்தார்கள். அதனையே இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகிறேன்.

யானை ஆண்டுக்கு ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, மக்காவில் குறைஷியரின் அதீ கிளையில் பிறந்தவர்கள் உமர் (ரலி) அவர்கள். பிற குலத்தாருடன் பிணக்கு நேரும்போது குறைஷியரின் சார்பில் தூது செல்லும் பொறுப்பு அந்தக் கிளையாருக்கு உரியதாயிருந்தது. இளமையில் ளஜ்னான் என்னும் இடத்தில் தந்தை கத்தாபின் ஒட்டகங்களை மேய்த்தார்கள். தந்தையோ கடுமையான மனிதர். வேலையில் குறை வைத்தால் அடி விழும். பிற்காலத்தில் கலீஃபாவாக அவ்வழியே சென்றபோது அந்த நாட்களை நினைவுகூர்ந்து, இன்றோ தமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே தமக்கு மேலானவர் எவருமில்லை என்று சொல்லி நெகிழ்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த மிகச் சிலருள் அவர்களும் ஒருவர். வணிகம் செய்தார்கள். நபித்துவத்தின் ஆறாம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஹிஜ்ரி 13, அதாவது கி.பி. 634இல், ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களுக்குப் பின் கிலாஃபத்தை ஏற்றார்கள். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவையே.

இனி நகரத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 16இல் பாரசீகத் தலைநகராகிய மதாயின் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. பாலைவனத்தில் வளர்ந்த அரபுகளுக்கு அந்நகரின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை. வந்துபோகும் தூதர்களின் முகம் வெளிறி, உடல் மெலிந்திருப்பதைக் கண்ட கலீஃபா அவர்கள் காரணத்தை விசாரித்து, ஒட்டகத்துக்கு ஒத்துக்கொள்ளும் நிலமே அரபுக்கும் ஒத்துக்கொள்ளும் எனக் கருதி, வேறிடம் பார்க்கப் பணித்தார்கள். ஸல்மான் பார்ஸீ (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரும் யூப்ரடீஸ் நதியோரம் தேடிக் கண்ட இடமே கூஃபா. ஹிஜ்ரி 17இல், கி.பி. 638இல், அங்கே நகரம் எழுந்தது. முதலில் பள்ளிவாசலுக்கு இடம் குறித்தார்கள். வலிமை மிக்க வில்லாளி ஒருவர் நடுவே நின்று நாற்புறமும் அம்பெய்ய, அவை விழுந்த இடங்களுக்கு அப்பால்தான் வீடுகள் தொடங்கலாம் என்றாயிற்று. பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30 முழம், இடைத்தெருக்கள் 20 முழம், சந்துகள் 7 முழம் என அளவு வகுத்து மதீனாவிலிருந்து கட்டளை சென்றது. முதலில் நாணல் குடிசைகளே இருந்தன. தீப்பற்றி அவை சாம்பலானபின் செங்கல்லால் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டனர். ஒருவர் மூன்று அறைகளுக்கு மேல் கட்டலாகாது, கட்டடத்தை உயர்த்துவதில் போட்டியிடலாகாது என்ற நிபந்தனையுடன் கலீஃபா அவர்கள் இசைந்தார்கள். நம் ஊர்களில் சந்துகள் ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருவதைப் பார்க்கும்போது, ஏழு முழம் என்ற அந்தக் கணக்கு எனக்கு நினைவு வராமல் போவதில்லை.

இந்நகரை அமைத்தவர்களும் அதன் முதல் ஆளுநரும் ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள். சுவர்க்கத்தின் நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். காதிஸிய்யாவின் வெற்றித் தளபதி. அவர்களைவிட உயர்ந்த நியமனம் எதுவாக இருக்க முடியும்?

கலீஃபா அவர்கள் எவரையும் எளிதில் நியமிப்பவர்களல்லர். நியமனத்தை ஏட்டில் எழுதி, முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் சாட்சியாக வைப்பார்கள். உயர்ரகக் குதிரையில் ஏறலாகாது, சலித்த மாவின் ரொட்டியை உண்ணலாகாது, மெல்லிய ஆடை அணியலாகாது, தேவையுடன் வருவோருக்குக் கதவை அடைக்கலாகாது என்பன நிபந்தனைகள். பதவி ஏற்கும்போதே சொத்துக்களைக் கணக்கெடுத்து வைப்பார்கள். பின்னர் மிகுதியாகக் காணப்பட்டால் அதில் பாதியைப் பைத்துல்மாலில் சேர்த்துவிடுவார்கள். ஒருவருக்கு நியமனப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த வேளையில், ஒரு சிறு குழந்தை வந்து கலீஃபா அவர்களின் மடியில் அமர, அதனை முத்தமிட்டுக் கொஞ்சினார்கள். நியமனம் பெற வந்தவர் வியந்து, தமக்குப் பல பிள்ளைகள் இருந்தும் ஒன்றையேனும் தாம் இவ்வாறு கொஞ்சியதில்லை என்றார். பெற்ற பிள்ளையிடமே இரக்கம் இல்லாதவர் பிற மக்களிடம் எங்ஙனம் இரக்கம் காட்டுவார் என்று சொல்லி, எழுதிய பத்திரத்தைக் கிழித்துவிட்டார்கள். இன்னொரு முறை, வாங்கிப் பார்க்க எடுத்துச் சென்ற குதிரை நொண்டியாகிவிட, உடையவரோடு எழுந்த வழக்கில் ஷுரைஹ் என்பவரை நடுவராக ஏற்றார்கள். அவரோ கலீஃபாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அவரையே கூஃபாவின் காளியாக அனுப்பினார்கள்! கூஃபாவுக்கான நியமனங்களில் எவரும் குறை காணாமல் நெடுங்காலம் நிலைத்தது இந்த ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸஅது (ரலி) அவர்கள் கடைவீதியருகே ஆளுநர் மாளிகை ஒன்றைக் கட்டினார்கள். சந்தை இரைச்சல் பேச்சைக் கெடுக்கவே அதற்கொரு கதவும் பொருத்தினார்கள். மக்கள் அதனை ஸஅதின் கோட்டை எனலாயினர். செய்தி மதீனாவுக்கு எட்டியது. கலீஃபா அவர்கள் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அழைத்து அனுப்பினார்கள். அவர்கள் கூஃபாவுக்கு வந்தார்கள், விறகு வாங்கினார்கள், கதவை எரித்தார்கள், திரும்பிவிட்டார்கள். ஸஅது அவர்கள் வழிச்செலவுக்குக் கொடுத்ததையும் ஏற்கவில்லை. ஒரு கதவுக்கு இத்தனை கடுமையா என்று நீங்கள் கேட்கலாம். நகரத்து ஆளுநருக்கும் நகரத்து ஏழைக்கும் நடுவில் ஒரு மரப்பலகை நிற்பதைக்கூட உமர் (ரலி) அவர்கள் சகிக்கவில்லை என்பதே இதற்கு விடை.

பின்னர் ஹிஜ்ரி 21இல் வேறொரு முறையீடு வந்தது. நஹாவந்தில் பாரசீகர் பெரும்படை திரட்டியிருந்த நேரம். கூஃபாவாசிகள் சிலர் அந்த வேளை பார்த்து மதீனாவுக்கு வந்து, ஸஅது அவர்கள் தொழுகையைச் சரியாக நடத்துவதில்லை என்பதுவரை குறை கூறினர். இத்தகைய நேரத்தில் கிளம்பி வந்ததே அவர்களுடைய உள்நோக்கத்தைக் காட்டுகிறது என்று கலீஃபா அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆயினும் அதன் காரணமாகத் தாம் விசாரணையைக் கைவிடப்போவதில்லை என்றும் சொன்னார்கள். இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சிந்தியுங்கள். புகார் கொடுப்பவரின் எண்ணம் தீயது. அதனால் புகார் பொய்யாகிவிடுமா? நம்மில் எத்தனை நிர்வாகங்கள், முறையிட்டவனின் குணத்தை எடுத்துப் பேசியே முறையீட்டைப் புதைத்துவிடுகின்றன!

விசாரணையும் மறைவில் நடக்கவில்லை. முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்கள் ஸஅது அவர்களை உடனழைத்துக்கொண்டு கூஃபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றாகச் சென்று வெளிப்படையாகக் கேட்டார்கள். எல்லோரும் நல்லதே கூறினர். பனூ அப்ஸ் கூட்டத்தாரின் பள்ளிவாசலில் மட்டும் ஒருவர் எழுந்து, ஸஅது படையோடு புறப்படுவதில்லை, பங்கீட்டில் சமம் காட்டுவதில்லை, தீர்ப்பில் நீதி செய்வதில்லை என்றார். ஸஅது (ரலி) அவர்கள் மனம் நொந்து, இவர் பொய்யராயின் இவருடைய ஆயுளையும் வறுமையையும் நீட்டி, சோதனைகளுக்கு உள்ளாக்குமாறு இறைவனிடம் கையேந்தினார்கள். அம்மனிதர் தள்ளாத வயதில், புருவம் கண்மீது தொங்க, தெருவில் இழிவுற்றுத் திரிந்ததைப் பார்த்தவர்கள் உண்டென ஸஹீஹுல் புகாரியில் காணலாம்.

தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, முதல் இரண்டு ரக்அத்துக்களை நீட்டியும் பின்னிரண்டைச் சுருக்கியும், அண்ணலார் (ஸல்) அவர்கள் தொழ வைத்ததைப் போன்றே தாம் நடத்துவதாக ஸஅது அவர்கள் விடையளித்தார்கள். கலீஃபா அவர்களும் தாம் எண்ணியிருந்தது அதுவே என்றார்கள். குற்றமற்றவர் என்று உறுதியாயிற்று. இருந்தும் பதவியிலிருந்து விலக்கினார்கள்! ஒரு கூட்டத்தாரைச் சீர்செய்யத் தம்மால் இயன்ற எளிய வழி ஓர் அமீருக்குப் பதில் இன்னோர் அமீரை வைப்பதே என்பது அவர்களின் கருத்து. ஆளுநரின் மானத்தைவிட ஊரின் அமைதியை அவர்கள் பெரிதாகக் கொண்டார்கள். ஆனால் ஸஅது அவர்களுக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது என்பதை அவர்கள் மறக்கவில்லை. அதனைக் கடைசியில் காண்போம்.

அடுத்த நியமனம் அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்கள். மக்காவில் அடிமைபோல் நடத்தப்பட்டு, பெற்றோருடன் சுடுமணலில் வதைக்கப்பட்டவர்கள். அன்னை ஸுமையா (ரலி) அவர்கள் இஸ்லாத்தின் முதல் உயிர்த்தியாகி. அந்த அம்மார் இப்போது பாரசீக நிலத்தின் பெருநகரொன்றுக்கு அமீர். கலீஃபா அவர்கள் அதிகாரத்தை ஒருவரிடமே குவிக்காமல் பகிர்ந்தார்கள். தொழுகையும் படையும் அம்மாருக்கு. தீர்ப்பும் பைத்துல்மாலும் மார்க்கக் கல்வியும் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊது (ரலி) அவர்களுக்கு. நிலஅளவை உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களுக்கு. இப்னு மஸ்ஊது அவர்களைத் தமக்குத் தேவையிருந்தும் விட்டுக்கொடுத்து அனுப்புவதாகக் கூஃபாவாசிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். மூவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஓர் ஆடு. அதில் பாதி அம்மாருக்கு, காற்பங்கு வீதம் மற்ற இருவருக்கு. இதனை வகுத்துவிட்டு, நாள்தோறும் ஓர் ஆடு எடுக்கப்படும் நிலம் விரைவில் பாழாகிவிடுமே என்று கவலைப்பட்டார்கள் கலீஃபா அவர்கள். ஈராக்கின் செழிப்பு எங்கே, ஓர் ஆடு எங்கே!

அம்மார் (ரலி) அவர்கள் கடைவீதியில் ஒரு திர்ஹத்துக்குத் தீவனப்புல் வாங்கி, கட்டும் கயிற்றுக்காக விற்பவரோடு இழுபறி செய்து, அந்தக் கட்டைத் தம் முதுகில் சுமந்து நடந்தார்கள். கண்டவர் அறிவித்திருக்கிறார். இதைப் படிக்கும்போது நம் கண்கள் கலங்குகின்றன. ஆயினும் கூஃபாவாசிகளின் கண்கள் கலங்கவில்லை. இவருக்கு அரசியல் தெரியாது, நிர்வாகத்துக்குப் போதாதவர் என்று அவர்கள் கலீஃபாவிடம் சென்றனர். அம்மார் அவர்களும் உடன் வந்தார்கள். எந்தெந்த ஊர்கள், எந்தெந்த நிலங்கள் அவருடைய பொறுப்பில் உள்ளன என்று கலீஃபா அவர்கள் ஒவ்வொன்றாக வினவியபோது கிடைத்த விடைகள் நிறைவளிக்கவில்லை. முறையிட வந்தவர்களும் அதைச் சுட்டிக்காட்டினர். அம்மார் அவர்கள் விலக்கப்பட்டார்கள்.

பின்னர் கலீஃபா அவர்கள், இந்த விலக்கல் மனத்தைப் புண்படுத்தியதா என்று அம்மாரிடம் கேட்டார்கள். நியமித்தபோது தமக்கு மகிழ்ச்சி ஏற்படவில்லை என்றும், விலக்கியபோது வருத்தம் ஏற்பட்டது உண்மையே என்றும் ஒளிக்காமல் விடை கூறினார்கள் அம்மார் (ரலி) அவர்கள். அதற்குக் கலீஃபா அவர்கள் சொன்னதுதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி. அம்மார் நிர்வாகத்துக்கு உரியவரல்லர் என்பது தமக்கு முன்பே தெரியும் என்றும், பூமியில் பலவீனராக்கப்பட்டோருக்கு அருள்புரிந்து அவர்களைத் தலைவர்களாக்க நாடுவதாக அல்லாஹ் சூரத்துல் கஸஸில் கூறுவதை மனத்திற்கொண்டே நியமித்ததாகவும் சொன்னார்கள்.

அதே சூரத்துல் கஸஸில் இன்னோர் ஆயத்தும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு தந்தையிடம் கூறி, வேலைக்கு அமர்த்தப்படுவோரில் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உடையவரே என்கிறாள். கிணற்றடியில் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துத் தந்ததில் அவர்களின் வலிமையை அவள் கண்டாள் என்றும், வழியில் பார்வையைக் காத்து நடந்ததில் நம்பகத்தைக் கண்டாள் என்றும் விரிவுரையாளர்கள் எழுதுவர். இஸ்லாமிய அரசியல் நூல்கள், குறிப்பாக இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களின் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா, அதிகாரிகளின் தகுதியைப் பேசும் இடங்களில் இந்த இரண்டையும் விடுவதில்லை. ஒரே அத்தியாயத்தின் இரண்டு ஆயத்துக்கள்! ஒடுக்கப்பட்டவரை உயர்த்துவது ஒன்று. வேலைக்கு வலிமையும் வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை நம்பி அம்மாரை அனுப்பிய உமர் (ரலி) அவர்கள், கூஃபாவின் தெருக்களில் இரண்டாவதைச் சந்தித்தார்கள்.

அம்மாருக்குப் பின் யார் வேண்டும் என்று ஊராரிடமே கேட்டார்கள். அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைக் கேட்டனர், தந்தார்கள். ஓராண்டுதான் சென்றது. அவர்களுடைய ஊழியர் தீவன வியாபாரம் செய்கிறார் என்று கூஃபாவிலிருந்து மறுபடியும் ஆட்கள் வந்து நின்றனர்! அபூமூஸா அவர்கள் பஸராவுக்கு மாற்றப்பட்டார்கள்.

அன்று கலீஃபா அவர்கள் பள்ளிவாசலின் ஒரு மூலையில் ஒதுங்கிப் படுத்து உறங்கிவிட்டார்கள். முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் வந்து, விழிக்கும்வரை அருகே காவலிருந்தார்கள். ஏதோ பெருங்கவலை என்று உணர்ந்து விசாரித்தபோது, ஓர் இலட்சம் பேர் கொண்ட ஊர் எந்த அமீரையும் ஏற்பதில்லை, எந்த அமீரும் அவர்களை ஏற்பதில்லை, இதைவிடப் பெருங்கவலை எது என்றார்கள் கலீஃபா அவர்கள். மென்மையானவரை அனுப்பினால் ஏளனம் செய்கின்றனர், வலிமையானவரை அனுப்பினால் குறை கூறுகின்றனர் என்பது அவர்களின் வேதனை. வலிமையும் நம்பகமும் உடைய ஒரு முஸ்லிம் கிடைத்தால் போதும் என ஏங்கினார்கள். அப்படியொருவரைத் தாம் காட்டுவதாகச் சொல்லி, கலீஃபாவின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பெயரை ஒருவர் கூறியதும் உண்டு. தகுதியில் குறைவற்ற பெயர்தான். எனினும் கலீஃபா அவர்கள் சினந்து, அவர் இதனை அல்லாஹ்வுக்காகச் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார்கள்.

பலவீனமான இறையச்சமுடையவர், வலிமைமிக்க ஆனால் கடுமையான மனிதர் ஆகிய இருவரில் யாரை நியமிப்பது என்று தம்மைச் சூழ்ந்திருந்தோரிடம் ஆலோசனை கேட்டார்கள். பலவீனரின் நற்குணம் அவருக்கே பயன்படும், அவருடைய பலவீனமோ கலீஃபாவின் மீதும் மக்களின் மீதும் விழும். வலிமையுடையவரின் குறை அவரோடு நிற்கும், அவருடைய வலிமை எல்லோருக்கும் பயன்படும் என்று முகீரா அவர்கள் விடையளித்தார்கள். அது உண்மையே எனக் கண்ட கலீஃபா அவர்கள், முகீரா அவர்களையே நியமித்தார்கள். நல்லவர்கள் அவரிடம் அச்சமின்றி இருக்கவேண்டும், தீயவர்கள் அவரை அஞ்சவேண்டும் என்று அறிவுரை கூறி அனுப்பினார்கள்.

முகீரா (ரலி) அவர்கள் ஹுதைபிய்யாவில் மரத்தடியில் பைஅத்துச் செய்தவர்களில் ஒருவர். அரபுகளின் மதியூகிகளில் எண்ணப்பட்டவர். காதிஸிய்யாப் போருக்கு முன் தூது சென்று, பாரசீகத் தளபதி ருஸ்தமின் ஆசனத்தில் அவருக்குச் சமமாக அமர்ந்தவர்கள். இதற்கு முன் பஸராவின் ஆளுநராக இருந்தபோது ஹிஜ்ரி 17இல் அவர்கள்மீது ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. கலீஃபா அவர்கள் உடனே பதவி நீக்கி மதீனாவுக்கு அழைத்து விசாரித்தார்கள். நான்காம் சாட்சி பொருந்தாமற் போகவே குற்றச்சாட்டு விழுந்தது, சாட்டியவர்கள் தண்டிக்கப்பட்டனர். ஷரீஅத் தள்ளுபடி செய்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நபித்தோழர் ஒருவர்மீது நாவை நீட்டுவது நமக்கு ஆகாது. கலீஃபா அவர்களும் அதனைப் பின்னாளில் ஒரு தடையாகக் கொள்ளவில்லை.

கூஃபா அடங்கியது. ஆனால் கலீஃபா அவர்களின் மனம் அடங்கியதா? பாவியின் திறமையையும் நம்பகமானவரின் இயலாமையையும் குறித்து அல்லாஹ்விடம் முறையிடுவது அவர்களின் வழக்கமாயிருந்தது. முகீரா அவர்களை மாற்றி ஸஅது அவர்களையே மறுபடி அனுப்ப எண்ணியிருந்தார்கள் என்று இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். அதற்குள் வேறொன்று நேர்ந்துவிட்டது.

போரில் சிறைப்பட்ட அன்னியர்களில் வயதுவந்த ஆண்களை மதீனாவுக்குள் விடுவதில்லை என்று கலீஃபா அவர்கள் வைத்திருந்தார்கள். முகீரா அவர்கள் கூஃபாவிலிருந்து எழுதி, தம் அடிமை ஒருவன் கொல்வேலை, தச்சுவேலை, சித்திரவேலை அறிந்தவன், மதீனாவாசிகளுக்குப் பயன்படுவான் என்று கூறி அனுமதி பெற்றார்கள். அபூலுஃலுஆ என்னும் அவன், எசமானர் தன்மீது விதித்த வரி மிகுதி என்று கலீஃபாவிடம் முறையிட்டான். அவனுடைய தொழில்களைக் கேட்டறிந்த கலீஃபா அவர்கள், அத்தனை தொழில் தெரிந்தவனுக்கு அது மிகையல்ல என்றார்கள். ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாதத்தில், கி.பி. 644இல், சுபுஹுத் தொழுகைக்குத் தக்பீர் கட்டிய கலீஃபா அவர்களை அவன் இருமுனைக் கத்தியால் குத்தினான்.

மரணப்படுக்கையில் அவர்கள் பேசியவற்றில் பெரும்பகுதி கணக்குகளே. தம் கடன் எவ்வளவு என்று மகனாரைப் பார்க்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 86,000 என்று வந்தது. அதனைத் தம் குடும்பத்தாரின் பொருளிலிருந்து அடைக்கச் சொன்னார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவரைக் குறித்தார்கள். அவர்களில் ஒருவர் ஸஅது (ரலி). அப்போதுதான் அந்தப் பழைய பாக்கியைத் தீர்த்தார்கள். தலைமை ஸஅதுக்குக் கிடைத்தால் நல்லது, இல்லையேல் யார் கலீஃபாவானாலும் அவருடைய உதவியைப் பெறவேண்டும், இயலாமைக்காகவோ நம்பிக்கை மோசடிக்காகவோ தாம் அவரை விலக்கவில்லை என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்கள்.

ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் கிலாஃபத்தை ஏற்றபின் முகீரா அவர்களை விடுவித்து, கூஃபாவின் நியமனத்தை ஸஅது அவர்களுக்கு வழங்கினார்கள். நாணல் குடிசைகளாகத் தாம் தொடங்கிவைத்த, நாற்பது முழத் தெருக்களையுடைய அந்த நகரத்துக்கு ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் ஆளுநராகத் திரும்பிச் சென்றார்கள்.